நூற்று நாற்பத்திநான்கு

ஊரடங்கு இல்லை.
திரையின் வலது மூலையில்
பச்சையாக நிற்கும் எண்,
ஒரு நொடிக்கு அத்தனை படங்கள்.
அது நிற்கும்வரை நான் முனிர்க்காவில் இல்லை.
பனிமலைப் பாலத்தில் குப்புறப் படுத்து
எதிரி தலை தூக்கக் காத்திருக்கிறேன்.

பதினொன்று பத்துக்கு
எண் விழும்.
நூற்று நாற்பத்திநான்கு, அறுபது, பத்தொன்பது.
எதிரி இங்கே இருப்பான், அப்புறம் அங்கே,
நடுவில் நடந்ததை யாரோ கிழித்துப்போட்டதுபோல.
என் துப்பாக்கி யோசித்து யோசித்துத் திரும்பும்.
அதற்குள் செத்திருப்பேன்.
"லேய், தூங்கிட்டியா?" என்பான்
நாகர்கோவிலிலிருந்து ஜெபசிங்.

சூடுதான் என்றேன் முதலில்.
டிசம்பர் டெல்லியில், போர்வைக்குள் உட்கார்ந்து,
மூச்சு புகையாய்த் தெரியும் அறையில்
அப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.
அடிமூடியைக் கழற்றினேன்.
எட்டுத் திருகு, ஒன்று கட்டிலுக்கடியில் போனது போனதுதான்.
விசிறி இறகெங்கும் தீபாவளிப் புகை
கறுப்புப் பஞ்சாய் அப்பியிருந்தது.
பல் துலக்கும் பிரஷால் எடுத்தேன்.
கிராஃபிக்ஸ் டிரைவரை அழித்தேன், பழையதைப் போட்டேன்,
மறுபடி புதியதைப் போட்டேன்.
பின்னால் ஓடும் எதையெல்லாமோ நிறுத்தினேன்
(ஒன்றை நிறுத்தியதில் ஒலியே போய்விட்டது).
நிழல்களைக் குறைத்தேன், புல்லைப் பிடுங்கினேன்,
ஆற்றில் வானம் தெரிவதை அணைத்தேன்.
அந்த மொட்டை உலகத்திலும்
பதினொன்று பத்துக்குச் சரியாகச் செத்தேன்.

நேரு பிளேஸில், மூன்றாவது மாடியில், ஹர்மீத்
இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்.
மெஷினில் கோளாறே இல்லை என்றார்,
முந்நூறு வாங்கிக்கொண்டார்.
பட்டப்பகலில் அது எப்படிச் சாகும்?

கடைசியில் காட்டிக்கொடுத்தது
வீட்டுக்காரர் மாற்றித் தராத பழைய குண்டு பல்பு.
எண் விழுந்த அதே நொடி
அது மஞ்சளித்துச் சுருங்கியது.
சார்ஜரின் சின்ன விளக்கு ஒருமுறை சிமிட்டியது.
அவ்வளவில் லேப்டாப்
பேட்டரிக்குத் தாவிக் கஞ்சனாகி
எல்லாவற்றையும் படியளந்து தரத் தொடங்கியது.
அதற்குச் சற்று முன்னால்
சுவருக்கு அந்தப் பக்கம்
ஒரு வாளி நிறைந்த சத்தம்.

லிந்தோய். இம்பால்காரர்.
சஃப்தர்ஜங்கில் நர்ஸ்.
இரண்டு அறைக்கும் ஒரே மீட்டர், ஒரே ஒயர்.
அவர் ஹீட்டர் ராடை வாளியில் இறக்கினால்
இங்கே என் டூப்ளிகேட் அடாப்டர்
பிடியை விட்டுவிடுகிறது.
படிக்கட்டில் தலையசைப்போம்.
இரண்டு பேர் இந்தியும் அதோடு முடிந்துவிடும்.

"ஸ்டெபிலைசர் வாங்கு மக்கா."
மூவாயிரம். வாங்கவில்லை.
பதினொன்று ஐந்துக்கே
பாறைக்குப் பின்னால் போய்ப் பதுங்கப் பழகினேன்.
நாலு ஊர்க்காரர்களும் பழகிவிட்டார்கள்:
"அக்காவுக்குத் தண்ணி சூடாவுற நேரம்,
எவனும் முன்னால போகாதீங்கலே."

நேற்று எண் விழவில்லை.
பதினொன்றரை. நூற்று நாற்பத்திநான்கு.
பன்னிரண்டு. நூற்று நாற்பத்திநான்கு.
திரையில் பனி துகள் துகளாய் இறங்குவது தெரிந்தது.
ஜன்னலில் எதிர்வீட்டு மாடியே தெரியவில்லை.
கடைசி மெட்ரோ போயிருக்கும்.
ஒருவன் நேர் எதிரே வந்து நின்றான்,
கையுறையின் தையல்கூடத் துல்லியம்.
நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இப்படியும் சாகலாம்.

பன்னிரண்டு ஐம்பது.
படியில் காலணி. இரண்டு முறை அடம்பிடித்து
மூன்றாவதில் திறக்கும் பூட்டு.
குழாய்.
அந்த வாளி நிறைய எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும்.
பாறையை விட்டு வெளியே வந்து
பாலத்தின் நட்டநடுவில் நின்றேன்.
பல்பு மஞ்சளித்தது.
பத்தொன்பது.

"லேய், செத்துட்டியா?"
"ஆமா. வந்துட்டாங்க."